சுண்ணாம்புக்கு முந்திய சுவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், தாமிரபரணிக் கரைக் கொடிக்கால் ஒன்றில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்த பிச்சம்மாள் சொன்ன வடிவம் இது. அவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கதையில் வரும் குழந்தையை அவர் 'தன்போக்குப் பிள்ளை' என்றார். இன்று ஆட்டிசம் என்று நாம் வழங்கும் இயல்பையே அவர் குறிக்கிறார் என்பது விவரிப்பிலிருந்து தெளிவாகிறது. பேச்சுகளை அவர் சொன்னவாறே தந்திருக்கிறேன்.

*

"திருநீறு வேணும் தாயே," என்றார் பூதலிங்கம் பிள்ளை.

பாறையடியம்மை பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். துறவு பூண்டவள், வயது முப்பதைத் தாண்டாது. ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளை ஆறு ஆண்டுகளாக அவளுடைய சீடர்.

"எதுக்கு?"

"இன்னைக்குச் சாயங்காலம் செண்பகவல்லியைத் தூக்கி வீட்டுக்குள்ள விடப்போறோம். என் மச்சினன் தாணு வாறான். கை காலைப் பிடிச்சு உள்ள விட்டுக் கதவைப் பூட்டிட்டா ரெண்டு நாள்ல பழகிருவாளாம். அவ பயப்படாம இருக்கணும்."

"இப்ப எங்க இருக்கா?"

"வண்டிக் கொட்டில்ல. இன்னையோட ஒன்பது நாள்."

செண்பகவல்லி அவருடைய இளைய மகள். ஏழு வயது. பேச்சு வரவில்லை. மூத்தவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீடு முழுதும் வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு நெடி ஆகாது என்று இளையவளை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவள் வாசற்படியில் ஒரு கால் வைத்தாள். அலறினாள். கொட்டிலுக்குள் ஓடி வண்டிக்கடியில் சுருண்டுகொண்டாள். பின்னர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

"ரெண்டு தடவை தூக்கிட்டுப் போனோம். தலையைத் தரையில முட்டுதா. பெத்தவளைக் கடிச்சுட்டா. மழை வேற வந்துட்டு, கொட்டில் ஒழுகுது. என் வீட்டுல என் பிள்ளை சந்தோசமா இருந்தா தாயே. எனக்கு அது திரும்ப வேணும்."

"முன்னால எப்படி உள்ள வருவா?"

"எல்லாரையும் மாதிரியா வருவா? வலக்கையைச் சுவர்ல தேய்ச்சுக்கிட்டே, வாசல்ல இருந்து அடுக்களை வரைக்கும் சிரிச்சுக்கிட்டு வருவா. அந்தப் பக்கம் பூரா அழுக்கு. அதனாலதான் அங்க மட்டும் ஒரு பூச்சு கூடுதலா அடிக்கச் சொன்னேன்."

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"திருநீறு தீந்துபோச்சு," என்றாள். எழுந்து நடந்தாள்.

கொப்பரை நிறையத் திருநீறு இருந்தது. பிள்ளை அதைப் பார்த்தார். பின்தொடர்ந்தார்.

*

வீட்டுச் சுவர்கள் கண் கூசும்படி வெளுத்திருந்தன.

அம்மை அடுக்களைக்குள் போய் ஒரு கரித்துண்டை எடுத்துவந்து பிள்ளையின் கையில் வைத்தாள்.

"அழிச்சதைத் திரும்ப எழுதும்."

"அழுக்கையா?"

"அழுக்கைத்தான்."

பிள்ளை வலப்பக்கச் சுவரில், தம் நெஞ்சுயரத்தில், நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

அம்மை ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். "அங்க இல்ல."

இன்னும் கீழே ஒரு கோடு இழுத்தார்.

துடைத்தாள். "இதுவும் இல்ல."

"பின்ன எங்க?"

"உம்ம வீடு. என்னைக் கேட்டா?"

பிள்ளை சுவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு எண்ணெய்க்கறை இருந்தது தாயே. கதவுப் பக்கத்துல காரை பெயர்ந்து ஒரு குழி இருந்தது. அது கதவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா..."

"எத்தனை வருசமா இருக்கீரு இந்த வீட்டுல?"

"பிறந்ததே இங்கதான்."

"பெண் பார்க்க வாறவன்கூட ஒரு நாழிகையில சுவரைப் பார்த்து வச்சிருப்பான் ஓய்."

பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ரெண்டு தடவை இல்லன்னு துடைச்சீங்களே. உங்களுக்கு மட்டும் தெரியுமோ?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னைக்குத்தானே உள்ள வந்திருக்கேன்."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

*

பிள்ளை நெடுநேரம் கரியும் கையுமாக நின்றார்.

பிறகு கொட்டிலுக்குப் போனார். வண்டிக்கு நான்கு முழம் தள்ளி, மகளை நேரே பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்தார். கரித்துண்டை இருவருக்கும் நடுவே தரையில் வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கூரை ஒழுகி அவருடைய தோள் நனைந்தது. நகர்ந்து உட்காரவும் இல்லை.

சாயங்காலம் தாணு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

"என்ன அத்தான், ரெண்டு பேரும் கொட்டில்ல தனிக்குடித்தனமா? தள்ளுங்க. நான் தூக்குதேன்."

"சத்தம் போடாத மாப்ள."

"இங்க உக்காந்து என்ன செய்யுதீங்க?"

"வழி கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எங்க போக?"

"என் வீட்டுக்கு."

தாணு திரும்பித் தன் அக்காளைப் பார்த்தான். வாசலில் நின்ற அவள் உதட்டில் விரல் வைத்தாள். "குடும்பமே ஒரு மாதிரித்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் கிணற்றடிக்குப் போனான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன், வண்டிக்கடியிலிருந்து ஒரு கை வந்தது. கரியை எடுத்தது.

செண்பகவல்லி எழுந்து நடந்தாள். வாசலில் நின்றாள். வாசல்நிலைக்கு ஒரு சாண் தள்ளி, வலப்பக்கச் சுவரில், பிள்ளையின் இடுப்புக்கும் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கரியைத் தேய்த்தாள். தேய்த்த இடத்தை வருடினாள்.

ஓரடி உள்ளே வைத்தாள்.

அடுத்து ஒரு வளைகோடு. அதற்கு அப்பால் மூன்று புள்ளிகள். அவை என்னவென்று பிள்ளைக்குத் தெரியவில்லை.

"தொட்டில் ஆட்டுத கயித்தைக் கட்ட ஆணி அடிச்ச இடம்," என்றாள் அவர் மனைவி, மூச்சுக்குள்ளாக.

பிள்ளை முழந்தாளிட்டார். தலையை மகளின் உயரத்துக்குத் தாழ்த்தி, வலக்கையைச் சுவரில் வைத்தபடி அவள் பின்னே போனார்.

நடுக்கூடத்தில் அவள் நின்றாள். திரும்பி அவருடைய கையைப் பார்த்தாள். அதைப் பிடித்து, இரண்டு விரற்கடை கீழே இறக்கி வைத்தாள்.

சிரித்தாள்.

*

பிச்சம்மாள் இங்கே நிறுத்திவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்தில் நான் பதிவு செய்த இரு வடிவங்களில் குழந்தை கரியைத் தொடுவதில்லை. அவற்றில் பிள்ளை அடுப்புக்கல் மூன்றையும் கொட்டிலுக்குக் கொண்டுபோகிறார். மறுநாள் அதன் கூரையை வேய்கிறார். பாயும் பானையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்கின்றன. பெண் பார்க்க வந்தவர்கள், வெள்ளையடித்த வீட்டில் ஆளில்லாததைக் கண்டு திகைத்து, "வீடு இதுதானே?" என்று கேட்கிறார்கள்.

"அது வண்டி நிறுத்துத இடம். நீங்க வீட்டுக்கு வாங்க," என்று கொட்டிலிலிருந்து கூப்பிடுகிறார் பிள்ளை.

அவ்விரு வடிவங்களிலும் பாறையடியம்மை வருவதே இல்லை.