ஸ்ட்ரைக்கர் போகும் திசை

காசிமேட்டு கேரம் கிளப்பில் எல்லாம் தலைகீழ். குரு ரெஜினாவுக்கு இன்னும் கல்யாண வயதுகூட ஆகவில்லை. சிஷ்யர் தேவசகாயத்துக்கோ காதோரம் முழுக்க நரை. படகு இன்ஜின் மெக்கானிக்.

அன்று இறுதி ஆட்டம். இத்தனை வருஷம் ஆடியும் அவர் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. காரணம் ஊருக்கே தெரியும். காயை முகத்தில் அறைகிற மாதிரி நேராக அடிப்பார். காய் குழியில் விழும், பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழும். ஃபவுல்!

ஆட்டத்துக்கு முன் புலம்பினார். "மாஸ்டர், காய் எங்க போவும்னு தெரியுது. இந்தப் பாழாப்போன ஸ்ட்ரைக்கர் எங்க போவும்னுதான் தெரியல."

ரெஜினா பயிற்சி போர்டில் பவுடர் டப்பாவை அப்படியே கவிழ்த்துப் பரப்பினாள்.

"காயோட இடப்பக்கமா உரசி அடிங்கண்ணே."

அடித்தார். பவுடரில் இரண்டு தடங்கள் பிரிந்தன. காய் வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து ஓடியிருந்தது. ஸ்ட்ரைக்கர் இடப்பக்கம் லேசாக விலகியிருந்தது.

"மோதுறதுக்கு முன்னாடி எதாவது பக்கவாட்டுல போச்சா?"

"இல்லியே. நேராத்தான் வந்துச்சு."

"அப்போ காய் வலப்பக்கம் போனது எப்படி?"

"ஸ்ட்ரைக்கர் தள்ளுச்சு."

"தள்ளுன ஸ்ட்ரைக்கர்?"

"இடப்பக்கம்... அதே அளவுக்கு!" சொல்லிவிட்டு உடனே சந்தேகப்பட்டார். "ஆனா இது கொஞ்சூண்டுதானே விலகியிருக்கு?"

"ஸ்ட்ரைக்கர் கனம்ணே. அதான் மெதுவா விலகுது. எடையையும் பக்கவாட்டு வேகத்தையும் பெருக்கிப் பாருங்க, ரெண்டும் சமமா வரும்."

"அப்போ முகத்துல அடிச்சா?"

கேட்டவர் தானே பவுடரில் விரலால் நேராக ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

"பக்கவாட்டுல ஒண்ணுமே இல்ல. காய் போற வழியிலயே இதுவும்... அடச்சே! இதையா இத்தனை வருஷமா பண்ணிட்டிருந்தேன்!" சந்தோஷத்தில் அந்த ஆள் குதித்தே விட்டார்.

இறுதி ஆட்டம் கடைசிக் காய்க்கு வந்து நின்றது. வலது மூலைக் குழிக்கு முன்னால் அது உட்கார்ந்திருந்தது. அறைந்துவிடச் சொல்லி விரல் துடித்தது. தேவசகாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காயின் இடப்பக்கத்தை உரசினார்.

காய் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் குழியின் ஓரத்தை ஒட்டி ஓடி, சட்டத்தில் மோதித் திரும்பியது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

கோப்பையைக்கூட வாங்காமல் அவர் ரெஜினாவிடம் ஓடினார்.

"நெஞ்சே நின்னுபோச்சு மாஸ்டர்! குழி ஓரமா போனப்போ உங்களுக்கு பயமாவே இல்லியா?"

"காயைத் தொட்டப்பவே அது எங்க போவும்னு முடிவாயிடுச்சுண்ணே. அப்புறம் பயந்து இன்னா பண்றது? அப்பவே கைதட்ட ஆரம்பிச்சிட்டேன்."