ராஜாவைக் கட்டிய கயிறு

ஊர் பேரெல்லாம் மறந்துபோன ஒரு காலத்திலே, ஓரிடத்தில் கால் தரிக்காத ராஜா ஒருவர் இருந்தார். மகிபாலர் என்று பெயர். சபையில் பேசிக்கொண்டே எழுந்து நடப்பார். பாதிச் சாப்பாட்டில் குதிரை லாயத்துக்குப் போய்விடுவார். அவருக்குத் தன் கையால் ஒரு விரால் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

கோட்டைக்கு வெளியே வலைஞர்கள் மீன் பிடித்துப் பிழைக்கும் சிறு குளம் இருந்தது. ராஜா அங்கே போய்த் தூண்டில் போட்டார். போட்ட கையோடு இழுத்துப் பார்த்தார். எதிர்க்கரைக்கு நடந்தார். திரும்பி வந்து தண்ணீரைக் குனிந்து பார்த்தார். மீன் எப்படி வரும்?

அமைச்சர் நஞ்சுண்டர், "மன்னா, ஜனங்களின் நடமாட்டத்தால் மீன்கள் மிரளுகின்றன. தங்களுக்கு மீன் அகப்படும்வரை ஒருவரும் வலை வீசக் கூடாது. கரையில் நடந்து மீனை மிரட்டுபவர் யாராயினும் அதுவரை மரத்தில் கட்டப்பட வேண்டும். நிறைவேற்றுவது விகடகவி பூவாண்டியின் பொறுப்பு. தவறினால் அவர் தலை போகட்டும்" என்றார்.

ராஜா பூவாண்டியின் பேச்சுக்குச் சிரிப்பது அமைச்சருக்கு வெகுநாளாய் வயிற்றெரிச்சல். ஜனங்களைக் கட்டினால் பூவாண்டியின் பேர் கெடும்; கட்டாவிட்டால் தலை போகும் என்று கணக்குப் போட்டார். ராஜாவும் அப்படியே ஆணையிட்டுவிட்டார்.

அன்று மாலையே அங்கம்மா என்கிற வலைக்காரி பூவாண்டியைத் தேடி வந்தாள். "பிள்ளைங்க வெறும் கஞ்சித்தண்ணியைக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குதுங்கய்யா. ராசாவுக்கு எப்ப மீன் மாட்டி, நாங்க எப்ப வலை போடறது?"

பூவாண்டி அன்றிரவு ஆணையை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பார்த்தார்.

மறுநாள் கிணற்றுக் கயிற்றோடு குளக்கரைக்குப் போனார். "மன்னா, ஆணையில் யாராயினும் என்று இருக்கிறதே, விலக்கு ஏதும் உண்டா?"

"கிடையாது. யாராயினும் என்றால் யாராயினும்தான்" என்று சொல்லிக்கொண்டே ராஜா எதிர்க்கரைக்கு நடக்கத் தொடங்கினார்.

பூவாண்டி பின்னாலேயே போய், ராஜாவின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, பக்கத்திலிருந்த மருதமரத்தில் கட்டினார்.

"இது ராஜத் துரோகம். வெட்டுங்கள் இவன் தலையை" என்றார் நஞ்சுண்டர். காவலர்கள் வாளை உருவினார்கள்.

பூவாண்டி முடிச்சை விடவில்லை. "கட்டாவிட்டாலும் தலை போகும், கட்டினாலும் போகும் என்றால் நான் என்ன செய்வேன்? மன்னரே சொல்லட்டும். ஆணை செல்லுமா, செல்லாதா?"

ராஜாவின் முகம் சிவந்தது. சற்றுத் தள்ளி வலைஞர்கள் கூட்டமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செல்லும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மரத்தடியில் உட்கார்ந்தவர் கையில் தூண்டிலைக் கொடுத்தார்கள். ராஜாவின் கால்கள் தவித்தன. வெகுநேரம் கழித்துத் தக்கை லேசாக ஆடியது. ராஜா எழப் பார்த்தார், கயிறு விடவில்லை. மறுபடி ஆடிய தக்கை, இந்தத் தடவை ஒரேயடியாய் முங்கியது. ராஜா கோலைத் தூக்கினார். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் துள்ளிக்கொண்டு வந்து கரையில் விழுந்தது.

"மீன் அகப்பட்டது. ஆணையும் முடிந்தது" என்று பூவாண்டி கட்டை அவிழ்த்தார்.

ராஜா மீனைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. முத்துமாலையைக் கழற்றிப் பூவாண்டியின் கழுத்தில் போட்டார். வலைஞர்கள் அதற்குள் குளத்தில் இறங்கிவிட்டார்கள்.

"நாளையும் வருவேன். அமைச்சரே, இனி என்னைக் கட்டுவது உம் பொறுப்பு" என்றார் ராஜா.

நஞ்சுண்டர் கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். முடிச்சுப் போட்டுப் பழக வேண்டுமே.