மைனாவுக்குக் கிடைத்த காவல்

புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் ஒரு காட்டில், விலங்குகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு காவல்தான். மேட்டுப் பாறையில் அமர்ந்து, ஆபத்து வந்தால் குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காவலிருந்த குரங்கு வேறு காட்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்துக்கு இரண்டு பறவைகள் போட்டியிட்டன. ஒன்று, இனிக்க இனிக்கப் பேசும் மைனா. மற்றொன்று, நெட்டைக் காலும் கரகரத்த தொண்டையும் கொண்ட ஆள்காட்டிக் குருவி.

காடு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது முயல் மட்டும்தான். அதற்கு மூன்று குட்டிகள். காட்டுப்பூனை ஒன்று அவற்றின் மேல் கண்ணாக அலைந்துகொண்டிருந்தது.

"இருவரும் பேசட்டும். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றது முயல்.

பாறையடியில் கூட்டம் கூடியது. முள்ளம்பன்றி கேள்வி கேட்டது: "புல்லுக்குள் பதுங்கி வரும் பகையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

மைனா கழுத்தை அழகாகச் சாய்த்தது. "தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் குட்டிகள் என் குஞ்சுகள். என் இமை மூடினால் அல்லவா பகை நுழையும்?"

"அடடா, அடடா!" என்று மான் குளம்பைத் தட்டி ஆரவாரித்தது.

அடுத்து ஆள்காட்டி. "அது வந்து... காற்றடிக்கும் பக்கம்தான் புல் சாயும். ஓர் இடத்தில் மட்டும் மாறிச் சாய்ந்தால்..." என்று இழுத்தது. பாதியில் நிறுத்தியது. கூட்டத்தை விட்டுவிட்டு எங்கேயோ பார்த்தது. திடீரென்று காது கிழியக் கத்தியது.

எல்லாம் விழுந்தடித்து ஓடின. முயல் குட்டிகளைப் புதருக்குள் தள்ளியது. பதுங்கி வந்த காட்டுப்பூனை, குட்டு வெளிப்பட்டதென்று வந்த வழியே திரும்பிவிட்டது. ஆள்காட்டியைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

"பதில் தெரியவில்லை, கத்திவிட்டது!" என்றது மைனா, எல்லாம் திரும்பி வந்ததும்.

"இல்லை, பூனை வந்தது."

"எங்கே? காட்டு, பார்ப்போம்!" என்றது மான்.

"அதுதான் போய்விட்டதே..."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முயலும் சிரித்தது. சிரித்து ஓய்ந்தபோது அதன் குழப்பம் தீர்ந்திருந்தது. நேரே போய் மைனாவின் பக்கம் நின்றது.

சில நாள் கழித்து, பொழுது சாயும் வேளையில் பாறையிலிருந்து "தாய்மார்களே, பெரியோர்களே..." என்று மைனாவின் குரல் இனிமையாக எழுந்தது. முயல் நிமிர்ந்து பார்ப்பதற்குள் குட்டிகளில் ஒன்றைக் காணவில்லை.

முயல் பாறைக்கு ஓடியது. "ஐயா, பூனையை நீங்கள் பார்க்கவே இல்லையா?"

"பார்த்தேனே அம்மா. புல்லுக்குள் நுழையும்போதே பார்த்தேன்."

"பிறகு ஏன் உடனே கத்தவில்லை?"

"கத்துவதா? அன்றைக்குக் கத்தியதற்கு எப்படிச் சிரித்தீர்கள்! நாலு பேர் மெச்சும்படி எப்படிச் சொல்லலாமென்று யோசித்தேன். நல்ல வார்த்தை அமைந்து குரலெடுப்பதற்குள்..."

முயல் பாறையை விட்டு இறங்கியது. மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் முன்னால் விட்டு நடந்தது. அந்தக் கரகரத்த குரல் எந்தத் திசையில் கேட்கும் என்று காதை நிமிர்த்திக்கொண்டே போனது.

நீதி: யாருக்குக் கைதட்டுகிறோம் என்பது வேறு, யாரை நம்பிப் பிள்ளையை விடுகிறோம் என்பது வேறு.