ஊறப்போட்ட இழைப்புளி

காலை ஆட்டாதே. கண்ணை மூடு. நான் நிறுத்துற இடத்துல நீ ம் கொட்டணும். கேள்வி கேட்டா கதை கட்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு ஷெட்டு. தகரக் கூரை போட்டது, தென்காசிப் பக்கம். ஷெட்டுக்குள்ள ரெண்டு ஆசாரி. ஒருத்தன் கொம்பையா, இன்னொருத்தன் சடையப்பன். கொம்பையா தங்கச்சி பிரமாச்சியைத்தான் சடையப்பன் கட்டியிருந்தான். அதனால கொம்பையா அவனை மாப்ளேன்னுவான், அவன் கொம்பையாவை மச்சான்னுவான்.

அவங்ககிட்ட ஒரு பெரிய இழைப்புளி. பலகையைச் சீவி வழவழன்னு ஆக்குமே, அது. முன்னாடி குறுக்க ஒரு குச்சி வச்சிருக்கும். பின்னாடி நின்னு ஒருத்தன் தள்ளணும், முன்னாடி நின்னு ஒருத்தன் குச்சியைப் பிடிச்சு இழுக்கணும். சடையப்பன் தள்ளுவான், கொம்பையா இழுப்பான். சர்ர்ரக். சர்ர்ரக். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. ஒருத்தனுக்கு மூக்கு அரிச்சாலும் ரெண்டு பேரும் நிக்கணும். காலையில சடையப்பன் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, "மச்சான், வாரும்"னு ஒரு குரல் குடுப்பான். கொம்பையாவுக்கு அன்னைக்குப் பொழுது அதுலதான் விடியும்.

அப்புறம் சடையப்பன் போன் வாங்கினான். போன்ல ஒரு ஜப்பான்காரன் மரம் அறுத்துக்கிட்டு இருந்தான். அதைப் பாத்தான். சோறு திங்கும்போதும் பாத்தான். ஒரு நாள் பார்சல் வந்துச்சு.

பிரிச்சா, ஒரு ரம்பம். தகடு காகிதம் மாதிரி. பிடி நீளம், பிரம்பு சுத்தினது. நம்ம ரம்பம் தள்ளும்போது அறுக்கும், இது இழுக்கும்போதுதான் அறுக்கும். சடையப்பன் பலகையைக் கால்ல மிதிச்சுக்கிட்டு இழுத்தான். ஸ்க், ஸ்க், ஸ்க். நகத்தால கோடு போட்ட மாதிரி அறுபட்டுது. முந்தியெல்லாம் பலகையோட அந்த முனையைக் கொம்பையா பிடிக்கணும். இப்ப யாரும் பிடிக்க வேண்டியதில்லை. கொம்பையா கையைத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னான். வயித்துக்குள்ள யாரோ ஈர விறகு வச்சு அடுப்பு மூட்டின மாதிரி இருந்துச்சு. புசு... புசு...

ம்.

அப்போ சடையப்பன் டீ குடிக்கப் போனான். கொம்பையா அந்த ரம்பத்தை எடுத்தான். ஒரு வேங்கைக் கட்டை மேல வச்சான், பழகின கை, ஓங்கித் தள்ளிட்டான். டொய்ங். தகடு நாய் வாலா வளைஞ்சிடுச்சு. நிமித்திப் பாத்தான், நிமிரலை. சத்தமில்லாம ஆணியில மாட்டிட்டு வந்துட்டான்.

சடையப்பன் வந்து பாத்தான். சண்டை போடலை. பிடியைத் தட்டி வளைஞ்ச தகட்டை உருவிப் போட்டான், பெட்டியில இருந்த வேற தகட்டைச் சொருகினான். "எலி ஏதோ ரம்பத்தைக் கடிச்சிருக்கு மச்சான், ஷெட்டுக் கதவைச் சாத்தி வையும்"னான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அப்புறம் ரெண்டாவது பார்சல். அது உளி. பிடித் தலையில இரும்பு வளையம், தகட்டு முதுகுல ஒரு பள்ளம். சடையப்பன் கல்லுல தண்ணி விட்டுத் தேச்சுத் தேச்சு அதைக் கண்ணாடி ஆக்கிட்டான். மத்தியானம் சோறு கொண்டுவந்த பிரமாச்சி அதுல முகம் பாத்துப் பொட்டைச் சரி பண்ணினா.

கொம்பையாவால தாங்க முடியலை. அவனும் ஒண்ணு வாங்கினான். டவுனுக்குப் போய், கடைக்காரன் போன்ல சொல்லி வரவழைச்சு, மாப்ளே உளியைவிட ரெண்டு விரல் அகலமா வாங்கினான். அதை எப்படிப் பிடிக்கணும்னு அவனுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பக்கத்துலதானே உக்காந்திருக்கான். கேட்டா வாய் தேஞ்சிருமா? கேக்கலை. பழைய உளியில குத்துற மாதிரிக் குத்தினான், நெம்புற மாதிரி நெம்பினான். அந்த இரும்பு கடுசு, அதுக்கு நெம்பினா ஆகாது. டிக். முனையில ஒரு பல்லு தெறிச்சுப்போச்சு.

சரி, தீட்டிருவோம்னு கரண்டு சாணையில குடுத்தான். கிர்ர்ர்ர். பொறி பறக்குது. சாணையை அமத்திட்டுப் பாத்தா, முனை மயில் கழுத்து மாதிரி நீலம். உளி நீலம் பாரிச்சா செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் அது மண்ணைத்தான் கிளறும். கொம்பையா அதைத் தன் சாமான் பெட்டிக்கு அடியில தள்ளிட்டு, மேல துணியைப் போட்டான்.

மறுநாள் பிரமாச்சி சும்மா இருக்கலை. உன் ஜப்பான் உளி எங்கண்ணே, பெருசா இருந்துச்சே, குடு, வெங்காயம் உரிக்கிறேன்னா. கொம்பையா ரசத்தைச் சோத்துல ஊத்தி, தலையைக் குனிஞ்சு தின்னான்.

ம் எங்க?

ம்.

அப்புறம் மூணாவது பார்சல். அதைப் பிரிக்கும்போதே கொம்பையா கிட்ட வந்து எட்டிப் பாத்தான். இழைப்புளி. ஒரு முழம்கூட இல்லை. ஒரு மரக்கட்டை, நடுவுல சாஞ்சாப்ல ஒரு கனத்த தகடு, அவ்வளவுதான். குச்சியும் இல்லை ஒண்ணும் இல்லை. சடையப்பன் பத்து நாள் அதோட மல்லுக்கட்டினான். தீட்டினான், தட்டினான், பாத்தான், மறுபடி தீட்டினான். பதினோராவது நாள் பலகை மேல வச்சு, தன் பக்கமா இழுத்தான். தனியா.

சுய்ய்ய்ய்ய்ங்.

வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் வந்துச்சு. ஊதினா பறக்குது. பலகையைத் தடவினா தண்ணியைத் தடவின மாதிரி இருக்கு. சடையப்பன் பழைய பெரிய இழைப்புளியைத் தூக்கிச் சுவத்துல மாட்டிட்டான்.

அன்னைக்கு "மச்சான், வாரும்" இல்லை. மறுநாளும் இல்லை. டீக்கடையில ஒருத்தன், இனி அந்த ஷெட்டுக்கு ஒத்த ஆசாரி போதும்போலயேன்னு கேட்டுட்டான். கொம்பையா டீயைப் பாதியில வச்சுட்டு வந்துட்டான். இருபத்திரண்டு வருஷமா இவன் இழுத்த இழுப்பை, இப்ப ஒரு மரக்கட்டை வச்சுக்கிட்டு அவனே இழுத்துக்கிறான். புசுபுசுன்னு இருந்த அடுப்பு இப்ப குபுகுபுன்னு எரிஞ்சுது.

அப்போ எஸ்தர் டீச்சர் வீட்டு வாசக்கதவு வேலை வந்திருந்துச்சு. வேங்கைப் பலகை. மரத்து நரம்பு இப்படியும் அப்படியும் முறுக்கிக்கிட்டுப் போற பலகை. அடுத்த வெள்ளிக்கிழமை புது வீட்டுல ஜெபம் வச்சிருந்தாங்க. அதுக்குள்ள கதவு நிக்கணும்.

மத்தியானம் சடையப்பன் ஏதோ வேலையா வீட்டுக்குப் போனான். ஷெட்டுல ஒரு வாளியில தண்ணி இருந்துச்சு, சாணைக்கல்லு அதுல ஊறிக்கிட்டு இருந்துச்சு. கொம்பையா கல்லை வெளிய எடுத்தான். ஜப்பான் இழைப்புளியை உள்ள போட்டான். மரமாச்சே, மிதந்துச்சு. கல்லைத் தூக்கி அது மேலயே வச்சு அமுக்கினான். அதை உடைக்கணும்னு அவன் நினைக்கலை. கட்டை கொஞ்சம் ஊதினா தகடு இறுகிக்கும், ரெண்டு நாள் முடங்கிக் கிடக்கும். அப்போ சுவத்துல இருக்கிறதை இறக்கித்தானே ஆகணும்? இறக்கினா இழுக்க ஆள் வேணுமில்ல? அவ்வளவுதான் அவன் கணக்கு. ஒரு மணி நேரம் ஊறவிட்டான். எடுத்துத் துடைச்சு, இருந்த இடத்துல இருந்தாப்ல வச்சான்.

...ம்.

சடையப்பன் வந்தான். தட்டினான். டக், டக். தகடு அசையலை. பலமாத் தட்டினான். ம்ஹூம். கட்டை ஊதிப்போச்சோன்னு முனகிக்கிட்டே அதை வெளிய வெயில்ல காய வச்சான். அப்புறம் சுவத்துல இருந்து பழைய இழைப்புளியை இறக்கினான்.

"மச்சான், வாரும்."

கொம்பையாவுக்கு உச்சியில தண்ணி ஊத்தின மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு. ஓடிப்போய்க் குச்சியைப் பிடிச்சான். சர்ர்ரக், சர்ர்ரக். நாலே இழுப்பு. அப்புறம், பர்ர்ர். வேங்கை நரம்பு எதிர்த்துக்கிட்டுப் பிஞ்சு வந்துச்சு. பலகையை மாத்திப் போட்டு அந்தப் பக்கமிருந்து இழுத்தாங்க. பர்ர்ர். கதவு முகத்துல கோழி கிளறின மாதிரி ஆயிடுச்சு. சடையப்பன் குனிஞ்சு பாத்துட்டு, இந்த மாதிரி மரத்துக்குத்தானேவே அந்தச் சின்னதை வாங்கினேன்னான்.

அந்த நேரம் பாத்து வெளிய, வெயில்ல காய வச்சிருந்த ஜப்பான் கட்டை சத்தம் போட்டுச்சு. டப்.

போய்ப் பாத்தா, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் வெடிப்பு. விரல் நுழையும். சடையப்பன் அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி உக்காந்துட்டான்.

 கொம்பையா போயிரலாம்னு பாத்தான். கால் போகலை.

"நான்தான் மாப்ளே. தண்ணியில போட்டேன்."

"ஏன்?"

"நீரு தனியா இழுக்கீரு."

சடையப்பன் நிமிந்து பாக்கவே இல்லை. வெடிச்ச கட்டையில இருந்து தகட்டை உருவினான். துடைச்சான். கொம்பையா கையில குடுத்தான்.

"தகடு நல்லா இருக்கு. கட்டையை நீரு செய்யும். வெள்ளிக்கிழமை கதவு நிக்கலைன்னா, உம்ம பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரும்."

இருந்தது ஆறு நாள்.

கொம்பையா மொத கட்டையைத் தேக்குல செஞ்சான். தகட்டுக்குச் சாய்வாத் துளை வெட்டினான். விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சுத் தகடு முதுகுல தடவி உள்ள இறக்குவான், எடுப்பான். எங்க கரி ஒட்டியிருக்கோ அங்க ஒரு சுரண்டு. மறுபடி இறக்குவான். நூறு தடவை. மூஞ்சி எல்லாம் கரி. ஆனா தேக்கு மெத்து. ரெண்டு இழுப்புல தகடு பின்னால நழுவிடுச்சு. தூக்கி எறிஞ்சான். ரெண்டு நாள் போச்சு.

ரெண்டாவது, பழைய செக்குல கிடந்த புளியமரத்து வைரம். கல்லு மாதிரி மரம், உளிதான் அழுதுச்சு. தகடு கச்சிதமா உக்காந்துச்சு. அடிப்பக்கத்தை மட்டம் வச்சு மட்டம் வச்சு, ஒரு மயிரிழை மேடுகூட இல்லாம தட்டையாக்கினான். அவங்க அப்பாவும் அவங்க தாத்தாவும் அப்படித்தான் செஞ்சாங்க. இழுத்தான். தட்டித் தட்டி நிக்குது. தகட்டை இறக்கினா கடிக்குது, ஏத்தினா வழுக்குது. ஒண்ணும் வரலை. இன்னும் ரெண்டு நாள் போச்சு.

பெட்டி மூலையில இருந்துச்சு. அதைப் பாத்தான். பெட்டி வச்ச இடத்துல தரை மட்டும் கறுக்காம இருக்கும், இருபத்திரண்டு வருஷமா நகராத பெட்டி.  எழுந்து சடையப்பன்கிட்டப் போய் நின்னான்.

"மாப்ளே, இதுக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கணும்?"

அந்த ஒரு கேள்விக்கு அவனுக்கு வேர்த்துப்போச்சு, பாத்துக்கோ. சடையப்பன் ஒரு பென்சிலை எடுத்து, அடியில ரெண்டு கோடு போட்டான். தகடு வாய்கிட்ட ஒண்ணு, கடைசியில ஒண்ணு. இந்த ரெண்டு இடம் மட்டும்தான் பலகையைத் தொடணும், நடுவுல காகிதம் நுழையிற அளவு சுரண்டிரும், தட்டையா இருந்தா ஓடாதுன்னு சொன்னான். சொல்லிட்டு அவன் வேலையைப் பாத்தான்.

மூணாவது கட்டையும் புளிதான். ரெண்டு கோட்டை விட்டுட்டு மத்ததைச் சுரண்டினான். வியாழக்கிழமை மத்தியானம் ஆச்சு. கோழி கிளறின அந்தக் கதவு மேல வச்சான். ரெண்டு கையாலயும் பிடிச்சான். இருபத்திரண்டு வருஷம் இழுத்த ஆளு. இழுத்தான்.

சுய்ய்ய்ய்ய்ய்ய்ங்.

கதவோட இந்த முனையில ஆரம்பிச்ச சுருள் அந்த முனை வரைக்கும் அறுபடவே இல்லை. ஏழு அடி. ஒரே நாடா. எதிர் நரம்பு எல்லாம் வாயை மூடிக்கிட்டுப் படுத்துடுச்சு. பிரமாச்சி சுருளைத் தூக்கிக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்தா, அந்தப் பக்கம் அண்ணன் மூஞ்சி தெரியுது, கரியோட. யப்பா, இது அவரு எடுத்ததைவிட மெல்லிசுன்னா.

சடையப்பன் அதைக் கேட்டான்.

கொண்டாரும், நான் பாக்கேன்னான். வாங்கி இழுத்தான். சுய்ய்... பொட்டு. பாதியில அறுந்துச்சு. மறுபடி. பொட்டு. கையைத் துடைச்சுக்கிட்டு மூணாவது தடவை இழுத்தான். பொட்டு. காத்துல ஈரம்னான். கொம்பையா வாங்கி இழுத்தான். அதே காத்துதான். ஏழு அடி.

கதவு முழுக்கக் கொம்பையாதான் இழைச்சான். வெள்ளிக்கிழமை கதவு நின்னுச்சு. எஸ்தர் டீச்சர் கதவைத் தடவிப் பாத்துட்டு, யாரு கை இதுன்னு கேட்டாங்க. பிரமாச்சி புருஷனைப் பாக்காம அண்ணனைக் காட்டினா. பெட்டியை யாரும் தூக்கிட்டுப் போகச் சொல்லலை.  சடையப்பன் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம்னு படுத்துட்டான்.

ம் சொல்லு. சொல்லமாட்டியா? சரி, வேண்டாம்.

இப்ப சடையப்பன் போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டுப் புரளுறான். இதைவிட அகலமா ஒரு இழைப்புளி இருக்கான்னு தேடுறான். அவன் வயித்துல புசு... புசு... அங்க அவன் மச்சான் மல்லாக்கப் படுத்து, வாயைத் திறந்து, கொர்ர்ர்... கொர்ர்ர்... ஆறு நாள் தூக்கம்.

நீ மச்சான் மாதிரித் தூங்கு. கதை அவ்வளவுதான், விளக்கை அணைக்கேன்.