மை தடவிய ஓரம்

“மேடம், இந்தப் பக்கத்தை மட்டும் என்னால வரைய முடியல.”

நிறைமதி ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையெல்லாம் இளஞ்சிவப்பு, ஊதாப் பென்சில்களால் வரைந்து கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற பக்கங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மார்பகப் புற்றுக்கான பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

நோயியல் பேராசிரியை மெஹருன்னிசா கறாரானவர். ஒரு கோடு கோணினாலும் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். அன்று என்னவோ, நோட்டை மூடி வைத்தார்.

“ஏம்மா?”

“அம்மாவுக்கு இதுதான் மேடம். நம்ம ஆஸ்பத்திரியிலதான் கட்டியை எடுத்தாங்க. எட்டு நாளாச்சு.”

“போய்ப் பார்த்தியா?”

“வார்டு வாசல் வரைக்கும் போறேன். உள்ள போக முடியல. அம்மா முகத்தைப் பார்த்தா நீங்க வகுப்புல காட்டுன செல்லுதான் தெரியுது.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றவள் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறோமே என்ற வெட்கம் எட்டு நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. பாவம், யாரிடமும் சொல்லவில்லை.

பேராசிரியை தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்தார்.

“உங்க அம்மாவோடதுதான். ரிப்போர்ட் இன்னும் மேல வார்டுக்குப் போகல. பார்க்கிறியா?”

நிறைமதி ஓர் அடி பின்வாங்கினாள். இருந்தாலும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள்.

“என்ன தெரியுது?”

“புற்று செல்லுங்க. கூட்டம் கூட்டமா.”

“அதை விடு. ஓரத்துக்குப் போ.”

மெல்ல நகர்த்தினாள்.

“கறுப்புக் கோடு. மை.”

“எதுக்கு மை?”

“வெட்டி எடுத்த சதையோட வெளி ஓரம் பூரா தடவுவாங்க மேடம். புற்று அந்த மையைத் தொட்டிருந்தா, உடம்புக்குள்ள மிச்சம் இருக்கலாம்னு அர்த்தம்.”

“தொட்டிருக்கா?”

கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாள். நம்பிக்கை வராமல் வந்த வழியே திரும்பி வந்தாள். பேராசிரியை அவசரப்படுத்தவில்லை.

“தொடல மேடம். புற்றுக்கும் மைக்கும் நடுவுல கொழுப்புதான் இருக்கு. சாதாரணக் கொழுப்பு.”

குரல் உடைந்துவிட்டது.

“மத்த ஸ்லைடெல்லாம் நான் பார்த்துட்டேன். அதுலயும் தொடல.” பேராசிரியை நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். “சரி, மைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல மேடம். வெறும் கண்ணாடி.”

“முதல் மார்க் வாங்குற பொண்ணு சொல்ற பதிலா இது? அந்த இடத்துலதானே வெட்டினாங்க. வெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது இப்ப எங்க?”

நிறைமதி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மேல, பதினாறாம் பெட்டுல மேடம்,” என்று எழுந்தாள். “அம்மா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க.”