நெட்டைச் சைக்கிளும் செம்பாயியும்

சிக்கந்தரின் வாடகைச் சைக்கிள் கடையில் உயரமான சைக்கிள் ஒன்று இருந்தது. எல்லோரும் அதை நெட்டை என்பார்கள். அந்த ஊரில் பாதிப் பேர் அதில்தான் ஓட்டிப் பழகினார்கள். அந்தப் பெருமை அதற்கு நிறைய உண்டு.

ஒரு நாள் செம்பாயி வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. பஸ் போகாத ஒரு கிராமத்துப் பால்வாடியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் சைக்கிள் பழகியாக வேண்டும்.

கடைக்குப் பின்னாலிருந்த பொட்டலில் அவள் நெட்டையின் மேல் ஏறினாள். கால் தரைக்கு எட்டவில்லை. நாலடி போவதற்குள் விழுந்தாள். பக்கத்தில் கிடந்தபடியே நெட்டை மணியடித்துச் சிரித்தது.

"இதுகூடவா வராது உனக்கு? நேரா உட்காரு. சொன்னதைச் செய்!"

மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் மணி.

மூன்றாம் நாள் காலை அவள் சைக்கிளைச் சிக்கந்தரிடம் கொண்டுவந்து நிறுத்தினாள். "எனக்கு இது வராதுண்ணே. வேலைக்கு வரலைன்னு சொல்லிடப் போறேன்."

அவள் போன பிறகு, மூலையிலிருந்த காற்றுப் பம்பு கேட்டது: "நீ எத்தனை பேருக்குக் கத்துக்கொடுத்திருப்பே?"

"நூறு பேருக்கு மேல இருக்கும்."

"பாதியில விட்டுட்டுப் போனவங்க?"

அவர்களைப் பற்றி நெட்டை நினைத்ததே இல்லை.

அன்று சாயங்காலம் செம்பாயி அந்த வழியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குடம், இடுப்பில் ஒன்று. பாதை முழுக்கக் கல்லும் குழியும். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நெட்டை பார்த்துக்கொண்டே இருந்தது. ஸ்டாண்டு போடாவிட்டால் தன்னால் ஒரு நொடி நிற்க முடியாது.

"அக்கா, எப்படி இது விழாம வருது? எனக்குச் சொல்லுங்களேன்."

செம்பாயி சந்தேகத்தோடு பார்த்தாள். கேலியில்லை என்று தெரிந்ததும் சொன்னாள்: "குடத்தை நினைக்கக் கூடாது. காலைப் பாக்கக் கூடாது. கண்ணு தூரத்திலயே இருந்தா இடுப்பு தானா சரிபண்ணிக்கும்."

"நான் மூணு நாளா சொல்லத் தெரியாம கத்தினது இதைத்தான்க்கா. உங்களுக்கு ஏற்கெனவே தெரியுது. நீங்க விழுந்தப்போ நான் சிரிச்சது தப்பு. நாளைக்கு ஒரே ஒரு தடவை வாங்க."

அவள் குடங்களோடு நடந்தாள். நெட்டை சிக்கந்தரிடம் திரும்பியது. "என் சீட்டை நல்லா கீழே இறக்கி விடுங்க."

"உன் உயரத்துக்கு அது அசிங்கமா இருக்குமேப்பா?"

"இருக்கட்டும். அவங்க கால் தரையில படணும்."

மறுநாள் செம்பாயி வந்தாள். ஏறினாள். இரண்டு பாதமும் மண்ணைத் தொட்டன. பொட்டலின் கடைசியில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி மிதித்தாள். தள்ளாடினாள், காலை ஊன்றினாள், மீண்டும் மிதித்தாள். நெட்டை வாயே திறக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஒரு முழுச் சுற்று வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் புறப்பட்டாள். வழியில் பக்கத்து வீட்டுப் பொன்னழகு வியந்துபோய்க் கேட்டாள்: "அடியாத்தீ! யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"யாருமில்லக்கா. நானேதான் கத்துக்கிட்டேன்."

அவளைச் சுமந்துபோன நெட்டைக்கு, இத்தனை வருஷத்தில் எந்தப் பாராட்டும் இவ்வளவு இனித்ததில்லை.