கண்டக்டர் மாட்டிய பிரேக்

ஆவுடையப்பன் இருபத்து நான்கு வருடமாக பஸ் கண்டக்டர். தென்காசிப் பக்கத்தில் எத்தனையோ பேரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டவர். ஆனால் அவர் மனைவி சண்முகக்கனியால் இப்போது பஸ் படி ஏற முடியவில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன.

மகள் கோமதி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கடைசி வருடம். பதினெட்டு முடிந்த கையோடு கேட்டாள்.

"பழைய கார் ஒண்ணு வாங்குவோம்ப்பா. சரி பண்ணிக்கலாம்."

புளியங்குடியில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் ஒன்பது வருடமாக ஓடாமல் நின்றது ஒரு நீலக் கார். ஆவுடையப்பன் வண்டியைச் சுற்றிவந்து பெயின்டைப் பார்த்தார். கோமதி கதவைத் திறந்து, கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"அங்க என்னளா பாக்கே?"

"மேல எல்லாரும் பெயின்ட் அடிப்பாங்க. கால் மிதிக்கிற இடத்துல யாரும் அடிக்க மாட்டாங்கப்பா."

அவரும் குனிந்து பார்த்தார். தகரம் துருப்பிடிக்காமல் கெட்டியாக இருந்தது. வாங்கினார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் கோமதி ஸ்பேனரை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

"எனக்கா? நீ சரி பண்ணுவேன்னுல்லா நெனச்சேன்."

"ஜூன்ல நான் ஓசூருக்கு வேலைக்குப் போயிருவேன். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது நீங்கதான். வழியில நின்னா யாரு பாப்பா?"

அன்றிலிருந்து, டியூட்டி முடிந்து வந்ததும் காக்கியைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். ஆச்சரியம், அவருக்கு அது பிடித்துப்போனது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இது எதுக்குளா?"

"கழத்திப் பாருங்க."

"இது?"

"அதையும் கழத்துங்க."

ஒரு நாள் போல்ட்டை முடுக்கிக்கொண்டே கேட்டார். "எவ்வளவு முடுக்கணும்?"

கோமதி ஒரு பழைய போல்ட்டை வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டி, நட்டைத் திருகிக் கொடுத்தாள்.

"முடுக்குங்க."

முடுக்கினார்.

"இன்னும்."

"போதும்னு கை சொல்லுதே."

"இன்னும்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடுக்கு முடுக்கினார். போல்ட் படக்கென்று முறிந்தது. பதறிப்போய் மகளைப் பார்த்தார்.

"கை எப்பப்பா சொல்லிச்சு?" என்றாள் கோமதி.

இரண்டு மாதத்தில் என்ஜின் உயிர் பெற்றது. அவரும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஆனாலும் எதை மாட்டினாலும், "சரியா இருக்கா, பாரு" என்பார். கோமதி குனிந்து பார்த்து, "சரியா இருக்கு" என்பாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

கடைசியாகப் பின் சக்கரத்துப் பிரேக் மட்டும் பாக்கி. அன்றைக்கு கோமதிக்குப் பரீட்சை. ஆவுடையப்பன் லீவு போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்தார். புது பிரேக் ஷூவை மாட்டினார். சந்தேகம் வந்தது. கழற்றினார். மறுபடி மாட்டினார். ஸ்பிரிங்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மூன்று தடவை அப்படி ஆயிற்று.

சாயங்காலம் கோமதி வந்தபோது சட்டையெல்லாம் கரியோடு வாசலிலேயே நின்றார்.

"ஏளா, வா. சக்கரத்தைக் கழத்துதேன், உள்ள பாரு."

கோமதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். திரும்பும்போது அம்மாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். மெதுவாகப் பின் சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். தான் முன்னால், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"ரயில்வே கேட் வரைக்கும் மெதுவாப் போயிட்டு வருவோம்ப்பா."

ஆவுடையப்பன் ஸ்பேனரோடு அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"என்னளா வெளையாடுதே? இத்தனை வருசம் நான் விசில் அடிச்சா வண்டி நின்னுச்சு. எப்படி நிக்குதுன்னு நெனச்சதே இல்ல. இன்னைக்கு நான் மாட்டின பிரேக்கு. உள்ள உங்கம்மா இருக்கா. ஒரு தடவை பாத்துரு தாயி."

கோமதி கண்ணாடியை இறக்கினாள்.

"பிரேக்க எதுக்குப்பா பாக்கணும்? ரெண்டு மாசமா உங்க கையத்தான பாத்துட்டிருந்தேன்."